ஓர் எழுத்து கூடுதல்

கமலவேணிக்கு வயிறு எரிந்தது. கொஞ்ச நஞ்சமில்லை, பற்றி எரிந்தது.

கோவிந்தராசு ஆய்வுக்கூடம் முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பாரீசுக்குப் போகிறாராம், பாரீசுக்கு!

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலை எப்படிக் காப்பாற்றுவது என்று இருபது நாட்டு விஞ்ஞானிகள் கூடிப் பேசப்போகிறார்கள். நகரின் உப்பளம் பகுதியில் இருக்கும் இந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்கு ஒரே ஓர் இடம். விண்ணப்பித்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

இருநூறு மைலுக்கு அப்பால் ஆறு தடவை கப்பலில் போய், குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்து, கடலடி மண்ணைச் சலித்துப் புழு எண்ணியவள் அவள். அந்த மனுஷன் கப்பலைப் பார்த்ததெல்லாம் பீச் ரோட்டில் நின்றுதான்.

இருந்தும் போன வாரம் பாரீசிலிருந்து வந்த கவரில் 'கே. கோவிந்தராசு' என்று இருந்தது. கலியபெருமாள் மகன் கோவிந்தராசு. இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் புதிதாகத் தைத்த கோட்டைப் பார்த்தால், அதில் மை கொட்டலாமா என்று கை துறுதுறுத்தது.

இயக்குநர் விஜயராகவன் அந்தக் கடிதத்தை அவளிடம் நீட்டினார்.

"இங்க உனக்குத்தான் பிரெஞ்சு தெரியும். சத்தமா படிச்சு அர்த்தம் சொல்லும்மா, நாளைக்கு விசாவுக்குக் குடுக்கணும்."

தலையெழுத்து! அவருக்கு வந்த அழைப்பை அவள் வாயாலேயே படிக்க வேண்டுமாம்.

'ஷேர் கொலேக்' என்று ஆரம்பித்தாள். அன்புள்ள சக விஞ்ஞானிக்கு.

அங்கேயே நின்றுவிட்டாள்.

'ஷேர்' என்ற சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. பெண்ணுக்கு எழுதினால் மட்டும் சேர்க்கிற எழுத்து. வாய்விட்டுப் படித்தால் காதுக்கு வித்தியாசமே தெரியாது.

பிரெஞ்சு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் தான் என்ன எழுதினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அடக் கடவுளே, ஒரு வாரமாக யாரை நினைத்து வயிறெரிந்திருக்கிறாள்!

கோவிந்தராசு லட்டுத் தட்டை நீட்டினார். அவள் இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

"சார், கோவிந்தராசுங்கறது எங்கப்பா பேரு."