இங்கிலீஷ் படிச்ச கிளி

கிளி வெறும் ஹலோதான் சொல்லும்னு நீயா முடிவு பண்ணாத செண்பகம். இது ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வாசல்ல கூண்டுல தொங்கின கிளி. அந்த சென்டர் சார், பாவம், பொண்டாட்டி முன்னால தமிழ்லகூட வாயைத் திறக்க மாட்டாரு, அது வேற கதை. கிளாஸ்ல மட்டும் 'டேக் கேர் ஆஃப், டேக் பார்ட் இன்'னு வெளுத்து வாங்குவாரு. கிளி அத்தனையும் மனப்பாடம் பண்ணிடுச்சு. ஜன்னல்ல வந்து உக்கார்ற மைனா வாயைத் திறந்தாலே, "தப்பு தப்பு"ன்னு திருத்தும்.

ஒருநாள் கூண்டுக் கதவை யாரோ சரியாச் சாத்தல. பூனை ஏறி வந்துடுச்சு. கிளி உடனே சாரைக் கூப்பிடணும். "டேக் கேர்..."னு ஆரம்பிச்சு, அப்படியே நின்னுடுச்சு. அடுத்து வர்றது ஆஃபா, ஃபாரா? தப்பாச் சொன்னா மைனா சிரிக்குமே! அது யோசிக்கறதுக்குள்ள பூனை காலை உள்ள விட்டுடுச்சு.

மைனாதான் தொண்டை கிழியக் கத்துச்சு: "சார்! பூனை டேக் கிளி! பூனை டேக் கிளி!"

சார் டஸ்டரோட ஓடிவந்து பூனையை விரட்டினாரு. கிளிக்கு வால்ல ரெண்டு இறகோட போச்சு.

மூச்சு வந்ததும் கிளி சொல்லுச்சு: "என்னடி இங்கிலீஷ் அது? இப்படியா பேசுவாங்க?"

"சரிக்கா, அடுத்த தடவை நல்லா யோசிச்சுட்டுக் கத்துறேன்"னு சொல்லுச்சு மைனா.

ஏ செண்பகம், தூறல் போடுது பாரு, கொடியில கிடக்கிற துணியை உள்ள எடுத்துட்டு வாடி!