வேலைக்கு வராதவன்

"வேலை வாங்கிக் குடுத்தும் நாலே நாள்ல நின்னுட்டீங்க. ஏன்?"

கருணாகரன் உட்காராமலே கேட்டார்.

கண்ணையன் ஸ்டூலைத் துண்டால் துடைத்து, வலது கையால் இழுத்துப் போட்டான். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தபோது நிலக்கரி ஓடும் பெல்ட்டில் சிக்கிப் போனது. அதற்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது.

"மொதல்ல குந்துங்க சார். இந்த வூட்டுக்கு ஆளு வந்தே மாசக்கணக்காவுது."

அடிபட்டு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு உடம்புக்கேற்ற வேலை தேடித்தரும் திட்டம் ஒன்றை நெய்வேலியில் ஒரு சங்கம் நடத்தியது. அதனால் பலன் உண்டா, வேலைக்குப் போகாதவர்களுக்குத் தொகையை நிறுத்தலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் கருணாகரனை மெட்ராஸிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"பம்ப் ஹவுஸ் வாட்ச்மேன். சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. அதுவும் கஷ்டமா?"

"கஷ்டம் ஒண்ணும் இல்லீங்க. காலையில எட்டு மணிக்கு அங்க போவ முடியல."

"ஏன், எட்டு மணி வரைக்கும் தூக்கமா?"

கண்ணையன் தரையைப் பார்த்தான். "அப்படித்தான் வச்சுக்குங்க சார்."

"சாயங்காலமும் அஞ்சு மணிக்கு முன்னாடியே கிளம்பிடுவீங்களாமே?"

"ஆமாங்க."

இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. கருணாகரன் கிளம்பினார்.

"டீ போடறேன் சார். அஞ்சே நிமிசம். சம்சாரம் கம்மாபுரத்துல அம்மா வூட்டுக்குப் போனவ திரும்பல. ஒரு வார்த்தை பேசக்கூட ஆளில்லாம கெடக்கறேன். மெட்ராஸ்ல மழைங்களா சார்?"

"நேரமில்லை."

தெருமுனை வரை கூடவே வந்தான். கருணாகரன் வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

சோம்பேறி. நிறுத்திவிட வேண்டியதுதான் என்று கருணாகரன் மனசுக்குள் முடிவு செய்துகொண்டார்.

பிற்பகல், அதே திட்டத்தில் பிரம்பு நாற்காலிப் பட்டறையில் வேலை கிடைத்த வெள்ளைச்சாமியைப் பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. மைன்ஸில் பாறை வெடித்துத் தெறித்ததில் இரண்டு கண்ணும் போனவர். விரல்கள் பிரம்பைத் தடவித் தடவிப் பின்னிக்கொண்டிருந்தன. ஒருநாள்கூட லீவு போட்டதில்லையாம்.

"யாரு கூட்டிட்டு வர்றாங்க?"

"யாரும் இல்லய்யா. அடுத்தவன் கையைப் புடிச்சுத்தான் வரணும்னா வீட்டுலயே கெடந்துருவேன். தனியாத்தான் வாரேன்."

"வழி தெரியுதா? இந்த ஊர்ல எல்லா ரோடும் ஒண்ணுபோல இருக்கு. கண்ணிருக்கிற நானே காலையில பிளாக் மாறிப் போயிட்டேன்."

வெள்ளைச்சாமி சிரித்தார்.

"அது என் அதிர்ஷ்டம்யா. ஒரு பால்காரரு, நான் கெளம்புற நேரத்துக்குச் சரியா முன்னால போறாரு. கேன் கடகடன்னு சத்தம் போடும். அது பின்னாலயே நடந்தா பட்டறை வாசல்தான். சாயங்காலமும் அவரு திரும்புற நேரமும் நான் திரும்புற நேரமும் ஒண்ணு."

"பேச்சுத் துணையும் ஆச்சு."

"எங்கய்யா! எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பாத்துட்டேன். வாயே தொறக்க மாட்டாரு. ஊமை போல, பாவம்."

கருணாகரனுக்கு ஏனோ காலையில் பார்த்தவன் ஞாபகம் வந்தது. "கண்ணையனைத் தெரியுமா?"

பிரம்பில் ஓடிய விரல் நின்றது.

"தெரியாமயா? ஒரே ஷிப்ட்டு. ஒரே தூக்குச்சட்டியில சாப்பிட்டோம். அவன் குரலை எங்க கேட்டாலும் கண்டுபுடிச்சிருவேன். ஆனா எனக்குக் கண்ணு போனப்பொறம் ஒருநாள் எட்டிப் பாக்கலயே! அவன் பேச்சை விடுங்கய்யா."

ஐந்து மணிக்கு கருணாகரன் பஸ்ஸுக்காக வெளியே வந்தார். வாசலில் வெள்ளைச்சாமி கைத்தடியை ஊன்றி, காதைச் சாய்த்து நின்றிருந்தார்.

எதிரே, ஆள் உயரம்கூட வளராத மரக்கன்று ஓரமாக, காலி பால் கேனுக்குள் ஜல்லிக்கற்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான் கண்ணையன்.

நிமிர்ந்து கருணாகரனைப் பார்த்தவன் திடுக்கிட்டுப் போனான். அவர் வாயைத் திறக்கப்போக, வேண்டாம் என்று அவசரமாகத் தலையை ஆட்டினான். கேனைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினான்.

வெள்ளைச்சாமியின் முகம் மலர்ந்தது. "வந்துட்டீரா பால்காரரே! இன்னைக்காவது ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

கண்ணையன் பேசப்போய் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கேனை மட்டும் இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டியபடி முன்னால் நடந்தான்.