திறக்க அனுமதி

காலை பத்தே காலுக்கு மேனேஜரின் டீயும் சைட் இன்ஜினியரின் போனும் ஒன்றாக வந்தன.

“சார், புதுக் கட்டடத்துல லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு. மெக்கானிக் பக்கத்துலதான் இருக்கார். கதவத் திறக்கச் சொல்லட்டுமா?”

“ஆப்ல போட்டீங்களா?”

“போட்டாச்சு சார். முதலாளி ஒப்புதலுக்குக் காத்திருக்குன்னு காட்டுது.”

“அப்ப நீங்களும் காத்திருங்க.”

போன வாரம்தான் அந்த ஆப் வந்தது. முதலாளி தன் போனில் சம்மதம் என்று அமுக்காமல், கட்டடத்தில் யாரும் எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது. முதலாளி இந்த விதியை அறிவித்தபோது முதலில் கைதட்டியவர் மேனேஜர். பதவி உயர்வு அந்தக் கைதட்டலில்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தார்.

“உள்ளே ஆள் மாட்டிக்கிட்டார் சார். அது வந்து...”

“யாரா இருந்தா என்ன? ஒருத்தனுக்கு விதியத் தளர்த்தினா நாளைக்கு ஒவ்வொருத்தனும் தலைமேல ஏறுவான். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுங்க.”

“மூச்சு முட்டுதுன்னு கத்தறார் சார்.”

“கத்தறதுக்கு மூச்சு இருக்குல்ல?” மேனேஜர் டீயை உறிஞ்சினார். “முதலாளி போனப் பாத்ததும் அமுக்கிடுவார்யா.”

“லிஃப்டுக்குள்ள சிக்னல் இல்லியே சார்.”

மேனேஜர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“நீங்க சொல்றது அவருக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் சார்.”

போனில் இரும்புக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. அதற்குப் பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

“எந்த முட்டாள்யா இப்படி ஒரு விதியப் போட்டது?”