ஏறியவர்கள் பத்தொன்பது

ஆள்கணக்கைக் கணினி திருத்திய படகுகளின் பட்டியலை அவள் மேலோட்டமாகத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தேதியில் கண் நின்றது.

1990, ஜூலை 17.

அவளும் அம்மாவும் கடல் கடந்த நாள். அவளுக்கு அப்போது பத்து மாதம்.

அன்று மண்டபம் முகாமில் பதிவானது ஒரே படகு. தலைமன்னாரில் ஏறியவர்கள் பத்தொன்பது பேர். இறங்கியவர்கள் பதினெட்டு.

ஏறியவர் எங்காவது இறங்கியாகவேண்டும். அகதிகள் போகும் போக்கைக் கணிக்கும் அவளுடைய கணினி மாதிரிக்கு அதுதான் அடிப்படை. ஊர்கள் புள்ளிகள், வழிகள் கோடுகள். எந்த வழியை அடைத்தால் கூட்டம் குறையும் என்று வெள்ளிக்கிழமைக்குள் அரசுக்குச் சொல்லவேண்டும். கூட்டல் பொருந்தாமல் உதைக்கிற கணக்கை யார் சீந்துவார்கள்? ஒன்றிரண்டு குறைந்தால் எழுதியவரின் பிழை என்று அவளே ஒரு விதி போட்டிருந்தாள். கணினி பத்தொன்பதைப் பதினெட்டாக்கிவிட்டது.

முந்நூற்றுப் பன்னிரண்டு படகுகளில் இப்படி.

ஏறியவர்களின் பெயர்களைப் பங்குத் தந்தை ஒருவர் கைப்பட எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தின் படத்தைத் திறந்தாள்.

பிலோமினா. கைக்குழந்தை ஒன்று.

அதற்கு மேல் வரியில், செபமாலை லெம்பேட்.



அப்பா.

கரையில் நின்று கைகாட்டினார், பிறகு சண்டையில் காணாமற்போனார் என்று அம்மா சொல்லித்தான் அவள் வளர்ந்தாள். அவரைத் தேடித்தரச் சொல்லி வருடம் தவறாமல் மனு எழுதுகிறாள். ஊர்வலங்களில் அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறாள். அம்மா ஒரு தடவைகூட வந்ததில்லை. கால் வலி என்பாள்.

அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, அப்பாவும் படகில ஏறினவரோ?"



"பாரம் கூடிப்போச்செண்டு ஓட்டி கத்தினவன், பிள்ளை. தண்ணி உள்ள வந்திட்டுது. நீ என்ர மடியில. அவராத்தான் கடலில இறங்கினவர்."

தான் போட்ட விதியை அவள் அழித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு படகுகளுக்கும் பழைய எண்ணிக்கையையே திரும்பக் கொடுத்து, மாதிரியை ஓடவிட்டாள்.

கணக்கு உதைத்தது. நானூற்று ஏழு பேர் எந்த ஊரிலும் இறங்கியிருக்கவில்லை.

அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள். அடைக்கவேண்டிய வழி எது என்று கேட்டிருந்தது.

அந்தக் கட்டத்தில், செபமாலை லெம்பேட் என்று தட்டினாள். பிறகு அடுத்த பெயருக்காக அடுத்த படகின் பக்கத்தைத் திறந்தாள்.