தனுஷ்கோடிக்குப் புளிசோறு

பதினாறாவது காய்ந்த மிளகாயையும் கிள்ளி எண்ணெயில் போட்டாள் மணிமொழி. நெடி சமையலறையைத் தாண்டிக் கூடம் வரைக்கும் போனது. நன்றாகப் போகட்டும் என்று இன்னும் இரண்டைக் கிள்ளிப் போட்டாள்.

கூடத்தில் தும்மல் கேட்டது. ஓரகத்தி செந்தமிழ்ச்செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஊறுகாயைக்கூடத் தண்ணீரில் அலசித் தின்கிற வாய் அவளுக்கு.

"அக்கா, காரம் கம்மியா போடுங்க."

"சாப்பிடறவங்க வாய்க்குத் தகுந்தாப்பலதான் போட்டிருக்கேன். நீ போயி ரெடியாவு."

செல்வி போனதும் புளிக்கரைசலை வாணலியில் ஊற்றினாள். தனுஷ்கோடி போய்வருகிற இந்த நாலு நாளும் பொழுது விடியும்போதெல்லாம் கொழுந்தனும் இவளுமாக இதுங்க ரெண்டும் என்னை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கறுவினாள். அவள் லேசில் கறுவுகிற ஆள் இல்லை. நாலு வருஷத்து ஆத்திரம் அது.

வாசலில் பயணத்துக்கு நின்ற அந்த பைக்கே அவளுக்காக வாங்கியதுதான். கல்யாணமான புதிதில் தனுஷ்கோடிக்கு அழைத்துப்போய் இரண்டு கடலும் சேர்கிற இடத்தைக் காட்டுவதாகச் சொன்ன வீரமுத்து, கரும்பு நன்றாக வந்த ஒரு வருஷம் அதற்கென்றே வண்டி எடுத்தான். எடுத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. ஊரான வடக்கனந்தலிலிருந்து திருக்கோவிலூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போய் வந்ததுதான் அவள் அதில் போன அதிகபட்சத் தூரம்.

மே மாதம் பிறந்தால் போதும், கொழுந்தன் இளஞ்செழியன் சென்னையிலிருந்து பெண்டாட்டியோடு வந்து இறங்கிவிடுவான். அங்கே கார் இருக்கிறது, ஆனால் பைக்கில் போனால்தான் போட்டோ எடுப்பாக வருகிறதாம். கல்வராயன் மலை, ஊட்டி, மூணாறு என்று சுற்றிவிட்டு வண்டியைச் சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து நிறுத்துவான். போகும்போது கட்டுசோறு கட்டிக் கொடுப்பதும் வந்தபிறகு வண்டியைக் கழுவுவதும் மணிமொழியின் பாடு.

"இந்தத் தடவை தனுஷ்கோடி அண்ணி" என்று முந்தாநாள் அவன் வந்ததும் வராததுமாகச் சொன்னபோது, நாங்களே போகலாம் என்று இருந்தோம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"நீங்க பூட்டா மாட்ட யாரு அண்ணி பாத்துக்குவாங்க?" என்று சிரித்தான் அவன்.

செல்வி அதோடு விடவில்லை. "மாடு பாக்கறதெல்லாம் ஒரு வேலையாக்கா? வூட்லயே ஜாலியா ரெஸ்ட் எடுத்துக்கினு இருக்கலாம்" என்றாள்.

விடிகாலையில் எழுந்து சாணி வாரி, தண்ணி காட்டி, கறந்து, ஆறரைக்குள் பால் வண்டிக்கு ஊற்றிவிட்டுப் புல்லுக்கு ஓடுகிறவளிடம் சொன்ன வார்த்தை அது. கறவை மாடு கருப்பி உதைத்த காயம் அவள் முழங்காலில் இன்னும் ஆறவில்லை. அன்றைக்கே அத்தனையையும் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள்.

தம்பி கேட்டு இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன் வீரமுத்து. தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மறுநாள் காலையில் வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு ஓட்டிப்போய் ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, பின் டயரையும் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தான்.

அவளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கொழுந்தனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, சின்ன வயசில் கறந்த கைதானே, மறந்துபோச்சா பார்க்கலாம் என்று சொம்பை நீட்டினாள். அவன் இரண்டு மாட்டையும் நுரை பொங்கக் கறந்துவிட்டான். செல்வி அதை வீடியோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

"கை மறக்கல அண்ணி" என்றான் பெருமையாக. மணிமொழிக்கும் பரம திருப்தி.

இப்போது காலை மணி ஐந்தரை. புளிசோறு தூக்குவாளியில் ஏறிற்று. வறுத்த வேர்க்கடலை, முறுக்கு, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு இரண்டு என்று ஒவ்வொன்றாக வாசலுக்குப் போயின. மகள் பள்ளி லீவுக்கு மணலூர்பேட்டையில் மணிமொழியின் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் குறுக்கே ஓட ஆள் இல்லை. எல்லாவற்றையும் ஒரு யூரியா சாக்கில் திணித்து, வண்டியின் பின்னால் மாட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்த செல்வி முகத்தைச் சுளித்தாள். "ஐயோ, சாக்காக்கா? போட்டோல அசிங்கமா இருக்கும்."

"உன் போட்டோவுல வராது, கவலப்படாத" என்றாள் மணிமொழி.

கொட்டகையில் கருப்பி கத்தியது. கொஞ்ச நேரம் கத்தட்டும் என்று விட்டுவிட்டு, முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

வீரமுத்து வண்டியில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து உறுமவிட்டான். தம்பி புறப்படுகிறபோது அவன்தான் எப்போதும் வண்டியைச் சூடேற்றி வைப்பான். செழியன் கையுறையை மாட்டிக்கொண்டும், செல்வி கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டும் சிரித்தபடி வெளியே வந்தார்கள்.

"எறங்குண்ணா, டைமாச்சு" என்றான் செழியன்.

வீரமுத்து இறங்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியைப் போட்டான். மணிமொழி இன்னொரு ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, புடவையைச் சேர்த்துப் பிடித்தபடி புருஷனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பால் வண்டி ஆறரைக்கு வந்துடும் தம்பி. கருப்பி ஒதைப்பா, பாத்துக் கறங்க."