சாயக் கடையில் ஒரு பாடம்

சாயக் கடை மைதீன் பிச்சையிடம் அங்கம்மாள் ஜப்பானிய மொழி கற்கிறாள் என்று கேள்விப்பட்டதும் அவளுடைய ஓர்ப்படியாள் வீரலட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சின்னாளபட்டிச் சுங்குடியில் 'நெல்லிக்கொத்து' என்ற முடிச்சு வரிசையைக் கண்டுபிடித்தவளே வீரலட்சுமிதான். சேலைகளைப் பற்றி நூல் எழுதும் ஜப்பானிய அம்மாள் ஒருவர் போன மாதம் வந்து, அதை வியந்து, யார் வேலை என்று கேட்டார். தங்கள் குடும்பத்துடையது என்று சேலை முதலாளியின் மகன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். உடனிருந்த மைதீன் பிச்சை வழியாகச் செய்தி தெருவுக்கு வந்தது. அவர் முதலாளிக்குச் சாயம் விற்பவர். அவரும் அங்கே வாய் திறக்கவில்லை. திறந்த பெண்களுக்கோ மறுநாள் முதல் முடிச்சுப் போடத் துணி வராது. வீரலட்சுமி பொருமிக்கொண்டு கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள், நூலில் போட உரியவர் பெயரை எழுதிக்கொள்ள மறுபடி வருகிறார். இப்போது பார்த்து அங்கம்மாளுக்கு எதற்கு ஜப்பானியம்?

பாகப்பிரிவினைச் சண்டையில் இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சில்லை. ஆயினும் வீரலட்சுமி கடைக்கே போனாள். யுத்த காலத்தில் பினாங்கில் ஜப்பானியரிடம் எழுத்தராயிருந்த மைதீன் பிச்சை, நீலச் சாயப் பொட்டலம் கட்டியபடியே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம பேச்சுக் கணக்காத்தேன் தங்கச்சி, வினைச்சொல்லு கடைசியிலதான் வரும். 'கோரே'ன்னா இது. 'வதாஷி'ன்னா நான். 'நோ' சேத்தா என்னோட. எங்க, சொல்லு."

"வதாஷி நோ."

வீரலட்சுமியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மொதலாளி களவாண்டது பத்தாதுன்னு நீ வேறயா? அவுக பாசையிலயே களவாங்கப் போறியாக்கும்?"

அங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்து கேட்டுக்க" என்றாள். மறுபடி பாடத்தைத் தொடர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை முதலாளியின் சேலைக் கிட்டங்கியில் முடிச்சுப் போடும் பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஜப்பானிய அம்மாள் பேனாவைத் திறந்தார். முதலாளியின் மகன் தன் குடும்பப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினான்.

அங்கம்மாள் எழுந்தாள்.

"ஒக்காரு. ஒனக்கென்ன தெரியும்?" என்றான் அவன்.

அவள் உட்காரவில்லை. நெல்லிக்கொத்துச் சேலையைத் தொட்டுக் காட்டி, இருபது நாள் மனனம் செய்ததை அறுத்து அறுத்துச் சொன்னாள்.

"கோரே வா... வீரலட்சுமி நோ தெசு."

ஜப்பானிய அம்மாளின் பேனா நின்றது. அங்கம்மாள் கையை நீட்டிய திசையில் எல்லாரும் பார்த்தார்கள்.

வீரலட்சுமி தலை நிமிரவில்லை. அந்த அந்நியச் சொற்களுக்கு நடுவே, தன் பெயர் மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டிருந்தது.