சாவி என் கையில

"சாவிய இப்படிக் குடு பாப்பா. நாங்க கும்பிட்டுட்டு வர வரைக்கும் அது என் மடியிலதான் இருக்கணும்."

ஆதிமூலம் கார் சன்னலுக்குள் கையை நீட்டினார். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்த மகள் கீதாஞ்சலி, அழுது வீங்கிய முகத்தோடு சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அதைச் சாவி என்று சொல்வதே தப்பு. பல்லும் இல்லை, கம்பியும் இல்லை. தேய்ந்துபோன சோப்புக்கட்டி மாதிரி கறுப்பாக ஒன்று. காரில் அதை நுழைக்க ஓட்டையும் கிடையாது. பையில் கிடந்தால் போதுமாம், கதவு திறக்குமாம். பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்புமாம். ஆயுசு முழுக்க டிராக்டர் ஓட்டினவன் இதையெல்லாம் எப்படி நம்புவான்?

ஆதிமூலத்தின் அக்கா ஜோதியம்மாள் அர்ச்சனைத் தட்டோடு பின்சீட்டிலிருந்து இறங்கினாள். அன்று சாயங்காலம் வேங்கிக்காலில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அவளுடைய மகன் புகழேந்தி. பெண் கீதாஞ்சலி. அக்காவுக்கு ஆதிமூலம் எப்போதோ கொடுத்த வாக்கு. பெண்ணோ, கூட வேலை செய்கிற விமல்ராஜைத் தவிர யாருக்கும் கழுத்தை நீட்டமாட்டேன் என்று ஒரு வாரமாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள்.

"இவளையும் உள்ள கூட்டிக்கினு போலாம்டா. தனியா உட்டா அந்தப் பையனோட ஓடிடுவா" என்றாள் ஜோதியம்மாள்.

"இந்த மூஞ்சியோட இட்டுக்கினு போனா, பாக்கறவன் இன்னாக்கா நெனப்பான்? ஏசியில உக்காந்து கெடக்கட்டும்."

"அவ ஓடிட்டாள்னா?"

"எப்படி ஓடும்? தெரு மொனையில டீக்கடையாண்ட நம்ம சனம் ஒரு வேன் நெறைய நிக்குது. நடந்து போனா அமுக்கிடுவாங்க. கார்ல போனாத்தான் உண்டு. சாவி என் கையில!"

ஜோதியம்மாள் காரின் பக்கம் காதைச் சாய்த்தாள். "வண்டி உறுமுதேடா?"

"அது ஏசி சத்தம்க்கா. உன் பையன் வேன்ல சாவியப் புடுங்கினா நிக்குதா இல்லியா? அதே கதைதான்."

"அதானே" என்றாள் அவள். தம்பி சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது.

நாலு எட்டு வைத்ததும் கார் கீ கீ என்று கத்தியது. ஜோதியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"சாவி போயிடுச்சேன்னு அழுவுது. நீ வாக்கா" என்று ஆதிமூலம் அவள் கையைப் பிடித்துக் கோயிலின் பேகோபுர வாசலுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

கோபுர வாசலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புகிற ஆள் அவர். அன்றைக்கு ஒரு சன்னதி விடவில்லை. ஒவ்வொன்றிலும் விழுந்து எழுந்தார். "போதும்டா, நேரமாவுது" என்று அக்கா முனகினால், மடியைத் தட்டிக் காட்டி, "சாவி இங்க இருக்குது, நீ நிம்மதியா கும்பிடு" என்றார்.

வெளியே வந்தார்கள். காரைக் காணோம்.

"அடிப்பாவி!" ஜோதியம்மாளின் தட்டிலிருந்து தேங்காய் மூடி உருண்டு ஓடியது.

டீக்கடையிலிருந்து சனம் ஓடி வந்தது. ஓடி வந்தவர்களில் முதல் ஆள் புகழேந்தி.

"கீதா இந்தப் பக்கந்தான் போச்சு. எங்களுக்குக் கைகூட காட்டிச்சு. நீங்கதான் பூ வாங்கியார அனுப்பினீங்கன்னு நெனச்சோம்!"

"சாவி என் கையில இருக்குதே மாப்ள!" ஆதிமூலம் மடியிலிருந்து எடுத்து எல்லோர் முகத்துக்கும் நேராக ஆட்டினார். "சாவி இங்க, வண்டி எங்க? இன்னா அநியாயம்டா இது! கம்பெனிக்காரன் மேல கேஸ் போடுவேன்!"

புகழேந்தி தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ மாமா, இந்த மாதிரி வண்டி ஒருவாட்டி கிளம்பிடுச்சுன்னா சாவி தூரப் போனாலும் நிக்காது. எஞ்சினை அணைச்சிட்டுல்ல சாவிய வாங்கணும்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். "மாமாவுக்கு மாட்டுவண்டிதான் லாயக்கு" என்றது ஒரு குரல்.

ஜோதியம்மாள் அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் தம்பியைப் பார்த்தாள். கையில் அந்தக் கறுப்புக் கட்டியோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது.

"உட்றா. நீ ஒண்ணும் வாக்குத் தவறல. வெவரங் கெட்டவன், இன்னா பண்ணுவ? என் பையனுக்கு வேற பொண்ணா கெடைக்காது?"

அப்போது ஆதிமூலத்தின் செல்போன் அடித்தது. "மல்லாட்டை வாங்கற புரோக்கர்" என்று சொல்லிக்கொண்டே ஒரு தேங்காய்க் கடையின் பின்பக்கமாக ஒதுங்கினார்.

"அப்பா..." கீதாஞ்சலி விம்மினாள். "ரமணாசிரமம் தாண்டிட்டேன்பா. கொஞ்ச தூரத்துல ஒரு கோயில்ல விமல் தாலியோட காத்துக்கினு இருக்காரு. உன்ன எல்லார் முன்னாடியும் தலகுனிய வச்சிட்டேன். மன்னிச்சிடுப்பா."

"அழுதுக்கினே ஓட்டாத. ரோட்டப் பாரு" என்றார் ஆதிமூலம். "அக்கா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ற தைரியம் எனக்கு என்னிக்கும் வந்ததில்ல. இப்ப அக்காவே நான் வாக்குத் தவறலன்னு சொல்லிட்டுது."

அந்தப் பக்கம் விம்மல் சட்டென்று நின்றது. "அப்பா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் எஞ்சினை மட்டும் அணைச்சிடாத கண்ணு. நேத்து நீ தூங்கிக்கினு இருந்தப்ப, நம்ம மல்லாட்டைக் கொல்லையில சாவிய வரப்பு மேல வச்சிட்டு நாலு சுத்து ஓட்டிப் பாத்தேன். அது பாட்டுக்கு ஓடுது, ஆனா அணைச்சா மறுபடி கிளம்ப மாட்டேங்குது."